வளையும் கம்பி – அத்தியாயம் 9: மூன்றாம் தேதிக் கடிதம்

எக்ஸ்ரே அறையில் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மூச்சு விடுங்கம்மா" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குரல் வந்த பிறகும் விடவில்லை. விட்டால் அந்தச் சத்தம் மறுபடியும் கேட்டுவிடுமோ என்று பயம்.

அந்தச் சத்தத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை, கொடியிலிருந்து தவறி விழுந்த துணிக் கிளிப்பை எடுக்க அம்மா குனிந்தாள். முதுகுக்குள் 'டக்' என்றது. பக்கத்து அறையில் இருந்த மூத்த மகளுக்கே அது கேட்டது. அம்மா அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

முப்பத்தோரு வருஷம் யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் துணி வெட்டியவள் அவள். மேஜைமேல் குனிந்து குனிந்து, இடுப்புக்கு மேலே ஒரு எலும்பு அடுத்த எலும்பின் மேலிருந்து நழுவிவிட்டது. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஆறு திருகாணியும் இரண்டு கம்பியும் வைத்துக் கட்டினார்கள். எந்தக் கம்பி வைப்பது என்பதில்தான் மூத்தவளுக்கும் அவள் தம்பிக்கும் முட்டிக்கொண்டது. பழைய வகைக் கம்பி விறைப்பாக நிற்கும். மூட்டு நாளடைவில் ஒட்டிப்போகும். அந்த இடத்தில் முதுகு வளையாது. புதிது வளைந்துகொடுக்கும். புதிதை விற்பவன் தம்பி. பழையதே போதும் என்றவள் மூத்தவள். அம்மா யார் பக்கம் சாய்ந்தாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

"நகராம நில்லுங்க. முடிஞ்சிது" என்றது குரல்.

மூத்தவள் உள்ளே போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். கை ஜில்லென்று இருந்தது.

"ஏதாவது தெரிஞ்சிதா?"

"டாக்டர் சொல்லுவாரும்மா."

"உனக்குப் பாக்கத் தெரியும்ல. எத்தன வருஷமா இங்கயே கெடக்கற?"

"எனக்கு சாமான் கழுவத்தான் தெரியும்" என்றாள் மூத்தவள். அவளுக்குத் தெரிந்திருந்தது. கணினித் திரையை ஒரு நொடி பார்த்ததே போதுமானதாக இருந்தது.

இந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஒரு பிரிவு உண்டு. ஆபரேஷனுக்குப் போய் ரத்தத்தோடு வரும் கத்தி, இடுக்கி, சுத்தியல் எல்லாம் அங்கேதான் வரும். கழுவி, துடைத்து, எண்ணி, நீலத்துணியில் கட்டி, ஆவி இயந்திரத்தில் ஏற்றி அனுப்புவார்கள். பதினான்கு வருஷமாக அது மூத்தவளின் ராஜ்யம். நர்ஸுகள் அவளை 'ஆவியக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டு ஒரு கணம் மிரளுவதில் எல்லோருக்கும் ஒரு சந்தோஷம். அங்கேயே தம்பிக்கும் ஒரு பெயர் இருந்தது: பெட்டிக்காரர். முதுகுக்கான திருகாணியும் கம்பியும் அடங்கிய பெட்டிகளை அவன்தான் கொண்டுவருவான். ஆபரேஷன் நடக்கும்போது உள்ளே நின்று, எந்த அளவு எந்தத் தட்டில் இருக்கிறது என்று எடுத்துச் சொல்வான். அம்மாவின் முதுகைத் திறந்த அன்றும் அவன்தான் நின்றான்.

முதுகு டாக்டரின் அறையில் அவன் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். கழுத்தில் டை. அம்மா உள்ளே வந்ததும் எழுந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

டாக்டர் படத்தை ஒளிப்பலகையில் செருகினார். சாம்பல் நிற எலும்புகளுக்கு நடுவே ஆறு திருகாணிகள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. கீழே இடது பக்கம், ஒரு திருகாணியின் கழுத்தில், தலைமயிர் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு.

"ஒண்ணு உடைஞ்சிருக்கு" என்றார் டாக்டர், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில். "வெயிட் ஏதாவது தூக்கினீங்களா?"

"இல்ல டாக்டர்."

"குனிஞ்சீங்களா?"

அம்மா தலையைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒரு கிளிப்புதான் டாக்டர். துணிக் கிளிப்பு."

"பாத்தீங்களா" என்றார் அவர்.

மூத்தவளுக்குச் சுருக்கென்றது. "குனியலாம்னுதானே டாக்டர் இத வெச்சீங்க? வளையற கம்பின்னுதானே சொன்னீங்க?"

டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார். தம்பி சட்டென்று பதில் சொன்னான்: "அக்கா, எலும்பு வலுவில்லாம இருந்தா எந்த ஸ்க்ரூவா இருந்தாலும் லோடு தாங்காது. வயசு இருக்குல்ல."

"கரெக்ட்" என்றார் டாக்டர். "வியாழக்கிழமை மறுபடி திறந்துடலாம். எல்லாத்தையும் எடுத்துட்டுப் பழைய டைப்பே வெச்சிடறேன். ஆடாம அசையாம கெட்டியா நிக்கும்."

"அப்ப குனிய முடியாதா?" என்றாள் அம்மா.

"முட்டிய மடக்கி உக்காந்து எடுக்கலாம்மா."

அம்மா கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். "எங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்த வரைக்கும், எனக்கு ஸ்க்ரூ கழண்டுபோச்சுன்னு திட்டிட்டே இருப்பாரு. இப்ப டாக்டரே படம் புடிச்சுக் காட்டிட்டாரு."

டாக்டர் சிரித்தார். தம்பி அதைவிடச் சத்தமாகச் சிரித்தான். மூத்தவள் ஒளிப்பலகையின் சுவிட்சை அணைத்தாள்.

மூன்றாம் மாடி வார்டில் அம்மாவைப் படுக்கவைத்துவிட்டு அவள் அடித்தளத்துக்கு இறங்கினாள். பன்னிரண்டு மணி ஆபரேஷனுக்கு இரண்டு கட்டு சாமான் போக வேண்டியிருந்தது. மேலே ஒட்டிய நாடாவில் ஆவிச் சூட்டில் கோடுகள் கறுத்திருக்கின்றனவா என்று பார்த்து, வெந்தது வேகாதது பிரித்து அனுப்பினாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. மனது அந்தக் கறுப்புக் கோட்டிலேயே நின்றது.

கவுண்டர் ஜன்னலில் யாரோ தட்டினார்கள். தம்பி.

"அக்கா, உள்ள பின் அலமாரில நம்ம பழைய ஸ்டாக் ரெண்டு பெட்டி இருக்கு. எடுத்துக்கறேன்."

"இன்னிக்கா?"

"நாளைக்கு ஹெட் ஆபீஸ்லேர்ந்து ஆடிட்டுக்கு வராங்க. சரக்கெல்லாம் கணக்கு காட்டணும்." ஒரு தாளை ஜன்னல் வழியாக நீட்டினான். "இதுல ஒரு கையெழுத்து. தேதி போடாத, நான் போட்டுக்கறேன்."

அவசரத்தில் இருந்த யாரும் போட்டுக் கொடுத்திருப்பார்கள். மூத்தவளுக்கு ஒரு பழக்கம். இந்தப் பிரிவில் சேர்ந்த முதல் வாரம், படிக்காமல் போட்ட ஒரு கையெழுத்துக்காக எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியவள். அன்றிலிருந்து எது வந்தாலும் கடைசி வரி வரை படிப்பாள்.

படித்தாள்.

'கீழ்க்கண்ட பேட்ச் எண்களைப் பயன்படுத்த வேண்டாம் என்ற கடிதம் எங்களுக்குக் கிடைத்தது. இருப்பில் இருந்தவற்றை உடனே தனியாகப் பிரித்து வைத்தோம்.' கீழே ஆஸ்பத்திரி சார்பில் கையெழுத்துக்கு ஒரு கோடு. பக்கத்தில் தேதிக்கு ஒரு கோடு.

"என்ன கடிதம்? எங்களுக்கு ஒண்ணும் வரலியே?"

"பின்னால இருக்கு பாரு. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்றான். அதற்குள் அவன் போன் அடித்தது. "சொல்லுங்க சார்" என்று வராந்தாவின் கோடிக்கு நடந்தான்.

அவள் தாளைத் திருப்பினாள். பின்னால் கம்பெனியின் கடிதம் பின் அடித்திருந்தது. திருகாணியின் கழுத்துப் பகுதியில் நுண்ணிய வெடிப்பு ஏற்படக்கூடும் என்று தெரியவந்திருக்கிறது. முன்னெச்சரிக்கையாகப் பயன்பாட்டை நிறுத்தவும். ஏற்கெனவே பொருத்தப்பட்ட நோயாளிகளை அழைத்துப் பரிசோதிக்கவும். இந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரியில் நேரில் சேர்க்கவும். தேதி மூன்று. ஓரத்தில், பெற்றுக்கொண்டேன் என்று தம்பியின் கையெழுத்து. கடைசி எழுத்தை வாலைச் சுழற்றி முடிப்பானே, அதே சுழி. அதன் கீழே தேதி ஒன்பது.

ஐந்து மாதத்துக்கு முந்தைய ஒன்பதாம் தேதி. அது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை, பதினோராம் தேதி, அம்மாவுக்கு ஆபரேஷன்.

அவள் பதிவேட்டை எடுத்தாள். உடம்புக்குள் வைக்கும் ஒவ்வொரு சாமானின் உறையிலும் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஒன்று நோயாளியின் ஃபைலுக்கு, ஒன்று இந்தப் பதிவேட்டுக்கு. அம்மாவின் பக்கத்தை அவள் தன் கையாலேயே ஒட்டியிருந்தாள். ஆறு ஸ்டிக்கர், வரிசையாக, ஒன்றுகூடக் கோணாமல்.

ஆறும் அந்தக் கடிதத்தில் இருந்தன.

எஃகு மேஜையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பக்கங்களைப் புரட்டினாள். அம்மாவுக்கு முன்னால் ஏழு பேர். அம்மாவுக்குப் பின்னால் நாலு பேர். பின்னால்!

தம்பி போனைப் பையில் போட்டபடி வந்தான். "போட்டாச்சா?"

"உள்ள வா."

"நேரமில்லக்கா, நான்..."

"உள்ள வாடா."

அந்தக் குரலை அவன் சின்ன வயசில் இரண்டு தடவை கேட்டிருக்கிறான். கழுவும் அறைக்குள் வந்தான். அவள் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். வெளியே கேட்கக் கூடாது.

"ஒம்போதாம் தேதி இந்த லெட்டர் உன் கைக்கு வந்திருக்கு."

அவன் தாளைப் பார்த்தான். பதிவேட்டைப் பார்த்தான். அது விரிந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தான்.

"அது... முன்னெச்சரிக்கைன்னுதான் போட்டிருக்குக்கா. உடையும்னு போடல."

"பதினொண்ணாந்தேதி அம்மாவுக்கு வெச்ச."

"ரெண்டாயிரத்துல ஒண்ணுக்கு வெடிப்பு இருக்கலாம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. அந்த ஒண்ணு நம்ம அம்மாவுக்கா வரும்?"

"வந்திருச்சே!"

அவன் டையைத் தளர்த்தினான்.

"ஏண்டா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஆபரேஷன ஒரு மாசம் தள்ளி வெச்சிருக்கலாமே. பழைய கம்பியவே வெச்சிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? டாக்டர்கிட்ட ஒரு வருஷம் நாயா அலஞ்சு அந்தக் கம்பிய ஒத்துக்க வெச்சேன். எங்கம்மாவுக்கே இத போடப்போறோம்னு சொன்ன பிறகுதான் அவரு முழுசா நம்பினாரு. ரெண்டு நாள் முன்னாடி போய், அம்மாவுக்கு வேணாம் டாக்டர்னா? அவரு முகத்துல எப்படி முழிக்கறது? அடுத்த நாளே வேற கம்பெனிப் பெட்டி உள்ள வந்திருக்கும். மாத்து சரக்கு வர ஆறு வாரம் ஆச்சு. அது வந்தவுடனே இதப் போடறத நிறுத்திட்டேன். சத்தியமா நிறுத்திட்டேன்."

"அதுக்குள்ள நாலு பேர்."

"அவங்கல்லாம் நல்லா இருக்காங்கக்கா."

"அம்மாகூடப் போன சனிக்கிழமை வரைக்கும் நல்லாத்தான் இருந்தா."

அவன் சுவரோரமாகச் சாய்ந்தான். கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "நம்பிக்கை இல்லாமலா பெத்தவ முதுகுல வைப்பேன்? சொல்லு. நான் என்ன ராட்சசனா?"

அவள் தாளை அவன் முகத்துக்கு நேரே தூக்கினாள். "தேதி போடாதன்னு சொன்னியே, அது எதுக்கு?"

அவன் தாளுக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"நான் கையெழுத்து போட்டுக் குடுத்தா, நீ ஒம்போதாம் தேதின்னு எழுதிக்குவ. லெட்டர் அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்திடுச்சு, ஆவியக்காதான் வாங்கினா, பிரிச்சு வெக்கறேன்னு சொல்லிட்டு அவளே ஆபரேஷனுக்கு எடுத்துக் குடுத்துட்டான்னு ஆகும். அப்படித்தானே?"

"அவ்வளவு தூரம் யாரும் போகமாட்டாங்கக்கா. ஃபைல்ல ஒரு பேப்பரு. அவ்வளவுதான்."

"அம்மாவக் கொன்னது நான்னு ஆகும்டா!"

"அம்மா உயிரோடதான இருக்காங்க!" என்று அவனும் கத்தினான். குழாய்ச் சத்தத்தையும் மீறி அது வெளியே கேட்டிருக்கும்.

அவள் குழாயை மூடினாள். தாளையும் பதிவேட்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கும் பொறுமை இல்லை. பின்னால் அவன் செருப்பொலி கேட்டது.

வார்டில் மதியச் சாப்பாட்டுத் தட்டு தொடாமல் இருந்தது. அம்மா மல்லாக்கப் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உன் முதுகுல வெச்ச ஸ்க்ரூவ வைக்க வேணாம்னு கம்பெனியிலேர்ந்து முன்னாடியே லெட்டர் வந்திருக்கு. ஆபரேஷனுக்கு ரெண்டு நாள் முன்னால. இவன் கையில. தெரிஞ்சே வெச்சிருக்கான்."

மூன்று மாடி ஏறிய மூச்சோடு ஒரே வாக்கியமாகக் கொட்டிவிட்டாள். தம்பி வாசலிலேயே நின்றுவிட்டான்.

அம்மா மின்விசிறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அவன் எங்கிட்டச் சொன்னான். முன்னாடியே. பரவால்ல, போடுன்னு நான்தான் சொன்னேன்."

மூத்தவள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த முகத்தில் இருந்தது ஆச்சரியம். அம்மா சொன்னது பொய் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆனாலும் கேட்டாள். "எப்பச் சொன்னான்?"

"வியாழக்கிழமை. ராத்திரி."

"வியாழக்கிழமை ராத்திரி நான்தாம்மா உன் பக்கத்துல படுத்திருந்தேன். புதன்கிழமை சாயங்காலத்துலேர்ந்து வெள்ளிக்கிழமை காலைல உன்னத் தள்ளிட்டுப் போற வரைக்கும் நான் நகரல. இவன் வெளியூர்ல இருந்தான். நேரா ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் வந்தான். ஃபோன்ல பேசினதும் என் ஃபோன்லதான். நான்தான் உன் காதுல வெச்சுப் புடிச்சிட்டிருந்தேன்."

"அப்பத்தான் சொன்னான்."

"எனக்குக் கேக்காம சொன்னானா?"

"உனக்கு எல்லாம் கேக்கணுமா?" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "உடம்பு என்னுது. சம்மதம்னு கையெழுத்து போட்டதும் நான். இதுல உனக்கு என்ன வந்துது?"

மூத்தவளின் மனது பதினொரு வருஷம் பின்னால் ஓடியது. ஒரே ஒரு பையோடு, கன்னத்தில் வீக்கத்தோடு, புருஷன் வீட்டை விட்டு வந்து உள் அறையில் ஒளிந்திருந்தாள். ஒரு மணி நேரத்தில் அந்த வீட்டு ஆட்கள் வந்து வாசலில் நின்று, 'இங்க வந்தாளா?' என்று கேட்டார்கள். 'உள்ளதான் இருக்கா' என்று அம்மா கதவைத் திறந்துவிட்டாள். அப்புறம் கேட்டதற்கு, 'எனக்குப் பொய் சொல்ல வராதுடி' என்றாள். அன்று வராத பொய் இன்று எவ்வளவு சரளமாக வருகிறது! யோசிக்கக்கூட இல்லை. மூச்சு விடுகிற மாதிரி.

"அவன் ஏதோ பேப்பர் குடுத்தானாமே. அதுல கையெழுத்து போட்டுக் குடுத்துடு" என்றாள் அம்மா.

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ கையில வெச்சிட்டிருக்கியே. அவன் அதையே பாத்துட்டு நிக்கறானே. நான் பெத்த புள்ளைங்க மூஞ்சிய எனக்குப் படிக்கத் தெரியாதா?" அம்மா முதல் தடவையாகக் கண்ணைத் திருப்பினாள். "அவன் வேலை போச்சுன்னா அவன் பொண்டாட்டி ஒரு நாள் அந்த வீட்டுல இருக்கமாட்டா. உனக்கு அப்படி ஒண்ணும் இல்ல. உன்ன யாரு கேக்கப் போறா?"

உனக்கு அப்படி ஒண்ணும் இல்ல. மூத்தவள் அதை ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். உண்மைதான். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. போவதற்கென்று ஒன்றும் இல்லாதவள் எதற்கும் கையெழுத்துப் போடலாம்.

"உனக்கு மட்டும்னா போட்டிருப்பேம்மா" என்றாள். "உன் பொய்ய நானும் சேர்ந்து சொல்லியிருப்பேன். இன்னும் பதினோரு பேர் இருக்காங்க. அதே ஸ்க்ரூவோட நடந்துட்டிருக்காங்க."

அம்மா மெதுவாகக் கேட்டாள்: "அவங்கல்லாம் நமக்கு யாருடி?"

அடுத்த கட்டிலில் இருந்த பெண்மணி போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டாள்.

"என்னத் திருப்பிப் படுக்கவை" என்றாள் அம்மா. "உன் மூஞ்சியப் பாக்கப் புடிக்கல."

மூத்தவள் பதிவேட்டைக் கால்மாட்டில் வைத்தாள். ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்து, முதுகு முறுக்காமல், ஒரு மரக்கட்டையை உருட்டுவதுபோல அம்மாவை ஒரே அசைவில் சுவர்ப்பக்கம் திருப்பினாள். முட்டிகளுக்கு நடுவே தலையணை வைத்தாள். அம்மாவின் சட்டை விலகி, முதுகில் இருந்த நீளத் தழும்பு தெரிந்தது. இழுத்து மூடிவிட்டாள்.

"வலிக்குதா?"

"போடி."

பதிவேட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாவில் தம்பி கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் நிமிர்ந்து டையைச் சரிசெய்துகொண்டான்.

"கேட்டல்ல? அம்மாவே சொல்லிட்டாங்க. அவங்ககிட்டச் சொல்லித்தான் வெச்சேன்."

மூத்தவள் நின்றாள். "என்ன சொன்ன?"

"அம்மாவுக்குத் தெரியும்னு."

"என்கிட்டயேவா?"

அவன் கண்ணை விலக்கவில்லை. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்தப் பொய்யை அவன் மாட்டிக்கொண்டுவிட்டான், அளவெடுத்துத் தைத்ததுபோல. இன்னும் ஒரு வாரத்தில் அதை அவனே நம்பியும்விடுவான். அம்மா இவனுக்கு எத்தனையோ சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறாள். எதுவும் இப்படிக் கச்சிதமாகப் பொருந்தியதில்லை.

அவள் நேராக நிர்வாகி அறைக்குப் போனாள். நிர்வாகி கடிதத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"என் தம்பிக்கு. எங்கம்மாவுக்கு."

"டாக்டருக்கு?"

"தெரியல சார்."

"அவரு தியேட்டர்ல இருக்காரு. வியாழக்கிழமை உங்கம்மா கேஸ் நல்லபடியா முடியட்டும். வெள்ளிக்கிழமை எல்லாரும் உக்காந்து பேசலாம். அதுவரைக்கும் அந்த ரெஜிஸ்டர இங்க வெச்சிட்டுப் போங்க."

"ரெஜிஸ்டர் என் பொறுப்பு சார். செக்ஷனை விட்டு வெளிய போகக்கூடாதுன்னு நீங்கதான் சர்க்குலர் போட்டீங்க."

அவருக்கு அது ரசிக்கவில்லை. "உங்க குடும்ப விஷயத்தையும் இதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார்.

கதவைத் திறந்துகொண்டு வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்குப் பக்கத்திலேயே இருக்கிற சிரிப்பு. குடும்ப விஷயம்!

அடித்தளத்துக்கு வந்தபோது நாலு மணி. பெரிய ஆவி இயந்திரம் 'உஸ்' என்று மூச்சை விட்டு ஓய்ந்தது. தம்பி பின் அலமாரியைத் திறந்து, இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்துக் கீழே வைத்திருந்தான். கையெழுத்துக்காகக் காத்திருந்தான்.

"அக்கா, கடைசியாக் கேக்கறேன்."

அவள் காதில் வாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பதிவேட்டைக் கடைசியிலிருந்து புரட்டினாள். அம்மாவுக்குப் பின்னால் வந்த நாலு பேர். நிறுத்தியிருக்க வேண்டிய நாலு பேர். அந்த நாலில் கடைசியாக ஒருவர். ஆபரேஷன் நடந்து மூன்றரை மாதம் ஆகியிருந்தது. பெயருக்குப் பக்கத்தில் வயது நாற்பத்திரண்டு, தொழில் பெயிண்டர். பக்கத்தில் போன் எண்.

சுவரில் இருந்த போனை எடுத்து எண்களை அழுத்தினாள். ஒலிபெருக்கிப் பொத்தானையும் அழுத்தினாள். நல்ல காலமாகவோ கெட்ட காலமாகவோ, இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். ஒரு பெண் குரல்.

"ஹலோ, யாருங்க?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். உங்க வீட்டுக்காரருக்கு முதுகுல ஆபரேஷன் பண்ணியிருந்தாங்கல்ல. அவர்கிட்டப் பேசணும்."

"அவரு மேல இருக்காருங்களே. போன வாரத்துலேர்ந்துதான் மறுபடி வேலைக்குப் போறாரு. நான்கூட ஏணியப் புடிச்சிக்கத்தான் வந்தேன்."

மூத்தவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "எவ்வளவு உயரத்துல இருக்காரு?"

"ரெண்டாவது மாடி ஜன்னலுங்க."

"மெதுவா எறங்கச் சொல்லுங்கம்மா. குனியாம, அவசரப்படாம, ஒவ்வொரு படியா. நீங்க ஏணிய விட்டுடாதீங்க. அவரு எறங்கற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."

"ஏங்க... என்னங்க ஆச்சு?" அந்தப் பெண் போனை விலக்கி, "ஏங்க, எறங்கி வாங்க! ஆஸ்பத்திரிலேர்ந்து!" என்று கத்துவது கேட்டது. எங்கோ உயரத்திலிருந்து ஒரு ஆண் குரல், "முடிச்சிட்டு வரேன்னு சொல்லு" என்றது. "இப்பவே எறங்குங்க!" என்றாள் அவள்.

தம்பி இரண்டு பெட்டிகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலருகே போயிருந்தான். அந்தக் குரலைக் கேட்டு நின்றான்.

"எறங்கறாருங்க" என்றாள் அந்தப் பெண், மூச்சு வாங்க. "நீங்க அந்தத் தம்பிகூட வேல பாக்கறவங்களா? பெட்டியெல்லாம் கொண்டு வருவாரே, டை கட்டிட்டு. அவருதான் எங்களுக்குத் தைரியம் சொன்னாரு. நாங்க வேணாம்னுதாங்க இருந்தோம். 'எங்கம்மாவுக்கே இதத்தான் வெச்சிருக்கோம், பாருங்க, துணி துவைக்கறாங்க, குனிஞ்சு நிமிர்றாங்க'ன்னு ஃபோன்ல படம் காட்டினாரு. பெத்த தாய்க்கே வெச்சிருக்காருன்னா நல்லதாத்தான் இருக்கும்னு நம்பி ஒத்துக்கிட்டோம்."

மூத்தவள் வாசலைப் பார்த்தாள்.

"அந்தம்மா இப்ப நல்லா இருக்காங்களாங்க?"

ஒலிபெருக்கியில் ஏணி கிறீச்சிடுவது கேட்டது. ஒரு படி. கொஞ்சம் கழித்து இன்னொரு படி.

மூத்தவள் ரிசீவரைத் தம்பியை நோக்கி நீட்டினாள். "உன்னத்தான் கேக்கறாங்க. சொல்லு."

அவன் பெட்டிகளைக் கீழே வைக்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை.

"ஹலோ?" என்றது போன். "அந்தம்மா எப்படிங்க இருக்காங்க?"